நாமக்கல் விடுதிப் பள்ளியா, முசிறி மெட்ரிக்கா, எஸ்எம்சி தற்காலிகப் பணியா? எதில் சேரலாம்?

தொட்டியம் வேதியியல்

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவள். குழந்தை பிறப்பதற்கு முன் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தேன். பாப்பாவுக்கு இப்போது மூன்று வயது. வருகிற ஜூனில் மறுபடி வேலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் பள்ளிக்கு என்பதில்தான் வீட்டில் தினமும் பேச்சு.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் டெமோ கிளாஸ் முடிந்த அன்றே 36,000 என்று சொல்லிவிட்டார்கள். தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே. நீட் வகுப்பும் சேர்த்து எடுக்க வேண்டும்.

முசிறியில் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி, 18,500. வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பாப்பாவை அங்கேயே எல்.கே.ஜி.யில் பாதிக் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

மூன்றாவது, எங்கள் பக்கத்திலேயே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி) மூலம் தற்காலிக முதுகலை ஆசிரியர், மாதம் 18,000. "மனு கொடுத்து வையுங்கள்மா, ஆணை வந்ததும் பார்க்கலாம்" என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.

கணவர் வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவரால் ஊரை விட்டு வர முடியாது. என்னுடைய குறி முதுகலை டிஆர்பி, அதாவது அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கான ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுதான். 2025 அக்டோபர் 12-ல் நடந்த தேர்வில் 1,996 இடங்கள், எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த அறிவிப்பு எப்போது வந்தாலும் தயாராக இருக்க வேண்டும். நகைக்கடன் ஒன்று ஓடுவதால் 36,000-ஐ வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல் இயற்பியல்

சகோதரி, நான் இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில்தான் இருக்கிறேன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். காலை 6.30-க்கு ஸ்டடி. 9 மணியிலிருந்து 4.30 வரை வகுப்பு. மாலை ஸ்பெஷல் கிளாஸ். இரவு 9 வரை நைட் ஸ்டடி. அது முறை வைத்து வரும், வாரத்தில் மூன்று நாளாவது உங்களுக்கு விழும். ஞாயிறு காலை டெஸ்ட், மதியத்துக்கு மேல் பேப்பர் திருத்தம்.

ஆனால் ஒன்று. பாடம் இங்கே படிந்தது போல எனக்கு வேறெங்கும் படியவில்லை. ஒரே பாடத்தை நான்கு பிரிவுக்கு எடுக்கிறோம், அதே பாடத்தில் நீட் அளவுக்குக் கணக்குப் போடுகிறோம், பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு அன்றே விடை சொல்லியாக வேண்டும். டிஆர்பியில் 150-ல் 110 கேள்வி உங்கள் பாடம்தான். அந்த 110-க்கு இங்கே தானாகவே தயாராகிவிடுவீர்கள். கல்வியியல் 30, பொது அறிவு 10, அதைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். சம்பளமும் ஒன்றாம் தேதி வந்துவிடும். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் நகைக்கடனும் தீரும், பாடமும் கைக்குள் வரும் என்பது என் கருத்து.

மணப்பாறை கணக்கு

சேரலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் அந்த 36,000 என்பது என்ன என்று தெரிய வேண்டும்.

கையில் வருவதா, மொத்தமாகச் சொன்னதா? பல பள்ளிகளில் நிர்வாகம் கட்ட வேண்டிய பிஎஃப் பங்கையும் சேர்த்தே சம்பளம் என்று சொல்கிறார்கள். 15,000 வரம்பில் 12 சதவீதம் என்றால் 1,800. உங்கள் பங்கு இன்னொரு 1,800. சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு பிடிப்பார்கள், மின்கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். மூவாயிரம் நாலாயிரம் அதில் போனால் கையில் 29,000 பக்கம்தான் நிற்கும்.

அடுத்தது மே மாதம். இதை யாருமே நேர்முகத்தில் கேட்பதில்லை. மே மாதச் சம்பளம் உண்டா? உண்டென்றால் மே மாதமே தருவார்களா, இல்லை ஜூனில் திரும்பி வந்து சேர்ந்தால்தான் தருவார்களா? என் பழைய பள்ளியில் முதல் வருடம் ஏப்ரலோடு விடுவித்துவிட்டு ஜூனில் புதிதாகச் சேர்த்தது போல ஆணை கொடுத்தார்கள். சம்பளம் மட்டும் போகவில்லை, தொடர் பணியும் அறுந்துவிட்டது. ஐந்து வருடம் முடித்தால் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. 2009 திருத்தச் சட்டம் அதைக் கொண்டு வந்தது, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏப்ரல் விடுவிப்பு.

அப்புறம் தங்கும் இடம் என்றால் என்ன? தனி வீடா, மகளிர் விடுதியில் ஓர் அறையா? விடுதியில் அறை என்றால் வார்டன் வேலையும் கூடவே வரும். கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

குளித்தலை விலங்கியல்

பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் அக்கா? அதைச் சொல்லாமல் எல்லோரும் சம்பளம் பேசுகிறோம்.

தொட்டியம் வேதியியல்

@குளித்தலை விலங்கியல், மாமியார் இருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்வார். இரவில் என்னைத் தேடுவாள், நான் இல்லாமல் தூங்க மாட்டாள்.

@மணப்பாறை கணக்கு சார், நாளைக்கே போன் செய்து கேட்கிறேன். மே மாதம் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

பணிநிறைவு தலைமையாசிரியர்

மகளே, எஸ்எம்சி பணியைப் பற்றி நான் சொல்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நியமனங்களை நானே செய்திருக்கிறேன்.

2022-ல் இதைத் தொடங்கியபோது முதுகலை ஆசிரியருக்கு 12,000. பிறகுதான் 18,000 ஆனது. பட்டதாரிக்கு 15,000, இடைநிலைக்கு 12,000. இது மதிப்பூதியம். பிஎஃப் கிடையாது, மே மாதம் கிடையாது. நிதி வந்தால்தான் எஸ்எம்சி கணக்கிலிருந்து தலைமையாசிரியர் கொடுக்க முடியும். ஜூனில் பள்ளி திறந்த அன்றே நியமனமும் நடக்காது. ஆணை வர வேண்டும், காலியிடப் பட்டியலில் உங்கள் பள்ளி இருக்க வேண்டும். சில வருடம் ஜூலை கூட ஆகியிருக்கிறது. ஆக வருடத்துக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது, அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்பது. ஓய்வு பெற்றதாலோ பதவி உயர்வில் போனதாலோ காலி என்றால் அது நிரந்தரக் காலியிடம். பொது மாறுதல் கலந்தாய்வில் காட்டுவார்கள், யாராவது எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். டிஆர்பியில் தேர்வானவர்களுக்கு இடம் ஒதுக்கும்போதும் இதே இடங்கள்தான் போகும். நிரந்தர ஆசிரியர் வந்து பணியேற்ற அன்றே தற்காலிகப் பணி முடிந்தது, அடுத்த நாள் வர வேண்டியதில்லை. நவம்பரில் அப்படி ஓர் அம்மாவை நான் அனுப்ப வேண்டி வந்தது. பிள்ளைகளுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். பிரேயரில் நிறுத்தி நான்கு வார்த்தை நன்றி சொன்னேன், அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. நவம்பரில் வெளியே வந்தவருக்கு எந்தத் தனியார் பள்ளி வேலை கொடுக்கும்? அந்த வருடம் அவருக்குப் பாழானது.

தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "சார், இது என்ன காலியிடம்?" அவருக்குத் தெரியும், சொல்வார்.

எஸ்எம்சி ஆங்கிலம்

ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் மூன்றாவது வருடமாக எஸ்எம்சியில் இருக்கிறேன், இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து பாடவேளை. 4.10-க்கு மணி அடித்தால் 5 மணிக்கு வீடு. இதற்கு முன்னால் இருந்த தனியார் பள்ளியில் எட்டில் ஏழு. மிச்சம் இருக்கிற ஒன்றிலும் லீவு போட்டவருக்குப் பதிலாக சப்ஸ்டிட்யூஷன் எழுதி மேசையில் வைத்துவிடுவார்கள். இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் கண் நிற்காது. இப்போது தினமும் இரண்டரை மணி நேரம் படிக்கிறேன். டிஆர்பிக்குப் படிக்க வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பெரிய சம்பளம் என்ன இருக்கிறது?

பிள்ளைகளும் அப்படித்தான். போன வருடம் பிளஸ் டூ பயாலஜி குரூப்பில் ஒரு பெண், அப்பா சுமை தூக்குகிறார். மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "மிஸ், ஆர்கானிக் மட்டும் புரியவே இல்லை, யாராவது சொல்லித் தருவீர்களா" என்று கேட்டாள். நான் ஆங்கிலம். வேதியியலுக்கு அந்த வருடம் ஆளே இல்லை. இயற்பியல் ஆசிரியர்தான் இரண்டையும் இழுத்துக்கொண்டு போனார். நீங்கள் வந்தால் அப்படிப்பட்ட வகுப்புக்குத்தான் வருவீர்கள்.

பணம் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு மாதச் சம்பளம் சேர்ந்து வந்த காலமும் உண்டு. என் கணவர் சம்பளம் இருப்பதால் ஓடுகிறது. இந்த அனுபவத்துக்கு நிரந்தரப் பணியில் முன்னுரிமை எதுவும் கிடையாது, தேர்வெழுதித்தான் உள்ளே வர வேண்டும்.

அரசு உதவி தமிழ்

பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் இடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்களேன். நிர்வாகமே நியமிக்கும், சம்பளம் அரசு கொடுக்கும். முதுகலை ஆசிரியருக்கு 36,900-ல் தொடங்கும் அதே ஊதிய நிலைதான்.

தொட்டியம் வேதியியல்

விசாரித்தேன் சார். ஒரு பள்ளியில் இடம் இருக்கிறது என்று தெரிந்தவர் மூலம் செய்தி வந்தது. அதற்கு அவர்கள் கேட்ட நன்கொடை எங்கள் வீட்டை விற்றாலும் தேறாது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

அரசு உதவி தமிழ்

விட்டது நல்லது. எல்லா நிர்வாகமும் அப்படி இல்லை, என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஆனால் கேட்காத இடத்திலும் ஒன்றைப் பார்க்க வேண்டும், மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம் செய்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரி ஆகிவிடும். நிர்வாகம் நியமன ஆணை கொடுத்தாலும் கல்வித்துறை ஒப்புதல் வராமல் அரசுச் சம்பளம் வராது. எனக்கு ஒப்புதல் வர வருடக்கணக்கில் ஆனது. அதுவரை நிர்வாகம் கொடுத்த சொற்பத் தொகையில் ஓட்டினேன். நன்கொடை கொடுத்துவிட்டு ஒப்புதலும் வராமல் நிற்பவர்களை எனக்குத் தெரியும். கடன் வாங்கி அதில் இறங்காதீர்கள், யாராக இருந்தாலும்.

துறையூர் பொருளியல்

கேந்திரிய வித்யாலயாவில் ஒப்பந்த ஆசிரியர் நேர்முகம் திருச்சியில் வருடா வருடம் வைக்கிறார்கள், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். இந்த வருடத்துக்கு நேரம் கடந்துவிட்டது. அடுத்த வருடத்துக்கு நினைவில் வையுங்கள்.

தொட்டியம் வேதியியல்

போன் செய்தேன். மணப்பாறை சார் சந்தேகப்பட்டது போலவேதான்.

36,000 என்பது மொத்தம். சாப்பாட்டுக்கு 3,000 பிடிப்பார்கள், இரண்டு பிஎஃப் பங்கும் அதற்குள்தான். தங்கும் இடம் மகளிர் விடுதியின் இரண்டாம் மாடியில் ஓர் அறை. "குழந்தையை வைத்துக்கொள்ளலாம் மேடம், ஆனால் ஸ்டடி நேரத்தில் ஃப்ளோரில் இருக்கக் கூடாது" என்றார் அந்த மேலாளர். மாதம் ஒரு ஞாயிறு அவுட்டிங். மே மாதச் சம்பளம், அடுத்த வருடம் சேர்ந்தால்.

முசிறியில் மே மாதச் சம்பளம் பாதி. பாடவேளை எத்தனை என்று கேட்டதற்கு "அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம்" என்றார் கரெஸ்பாண்டென்ட். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

மணப்பாறை கணக்கு

ஆக 36,000-ல் 3,600 பிஎஃப், 3,000 சாப்பாடு போக 29,400. காலை 6.30 முதல் இரவு வரை, ஞாயிறு டெஸ்ட் சேர்த்து மாதம் 280 மணி நேரம் என்று வையுங்கள், மணிக்கு 105 ரூபாய். முசிறியில் பிஎஃப் 1,800 போக 16,700. நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 24 நாள், 192 மணி. மணிக்கு 87. அரசுப் பள்ளியில் 18,000, பிடித்தம் இல்லை. நாளுக்கு ஏழு மணி நேரம், மாதம் 21 நாள் என்றால் 147 மணி. மணிக்கு 122.

பிஎஃப் உங்கள் பணம்தான், அது எங்கும் போகவில்லை. இருந்தாலும் முதல் பார்வைக்கு இரட்டிப்பாகத் தெரிந்த சம்பளம் மணிக்கணக்கில் பார்த்தால் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். இதில் பாப்பா இல்லாத இரவுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நாமக்கல் இயற்பியல்

கணக்கு சரிதான் சார், மறுக்கவில்லை. ஆனால் நகைக்கடனுக்கு மணிக்கணக்கு தெரியாது, மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதுதான் தெரியும். விடுதியில் இருந்தால் பஸ் செலவு இல்லை, மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது. 29,400-ல் 25,000 மிச்சம் பிடிக்கலாம். முசிறியில் அது நடக்காது. குழந்தை இல்லாத பெண் என்றால் நான் இன்னும் அடித்துச் சொல்லியிருப்பேன். விடுதி அறையில் மூன்று வயதுக் குழந்தையோடு என்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். என்னோடு வேலை பார்க்கிற ஒரு மேடம் மகனை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மாலையில் வீடியோ கால் பேசிவிட்டு ஸ்டடிக்கு வரும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

பணிநிறைவு தலைமையாசிரியர்

விடுதிப் பள்ளி ஆசிரியர் தம்பியிடம் எனக்கு ஒரு கேள்வி. பிளஸ் ஒன் பாடத்தை உங்கள் பள்ளியில் முழுதாக நடத்துகிறீர்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்ததே பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் முதல் வருடமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்ததால்தான். இப்போது மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025-26 முதல் அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய வழக்கம் திரும்பி வருகிறது என்று கேள்விப்படுகிறேன். அணு அமைப்பும் வேதிப் பிணைப்பும் தெரியாத பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அணைவுச் சேர்மங்களை எப்படிச் சொல்லித் தருவது? மனப்பாடம்தான் செய்ய வைக்க முடியும். அந்த மகள் வேதியியல் ஆசிரியராக வளர வேண்டும் என்றால் வேதியியல் நடத்த விடுகிற பள்ளியாக இருக்க வேண்டும்.

நாமக்கல் இயற்பியல்

ஐயா, எங்கள் பள்ளியில் நீட் இருப்பதால் பிளஸ் ஒன் பாடம் நடத்தியே ஆக வேண்டும், நீட் கேள்வி இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகிறது. நீட் எழுதாத பிரிவுகளில் நீங்கள் சொல்வது நடக்கிறது. டிசம்பரிலேயே பிளஸ் டூ போர்ஷன் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் அதில் சந்தோஷம் இல்லை.

பணிநிறைவு தலைமையாசிரியர்

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி தம்பி.

மகளே, முசிறிக்கு ஒரு முறை நேரில் போங்கள். வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்துப் போய், ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேசையில் பியூரெட் ஸ்டாண்டு வரிசையாக நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காகக் கூட நிற்கும். சிங்க் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று. ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டில் மூடியில் அரிப்பு இருந்தால் திறந்து மூடுகிறார்கள் என்று பொருள். வாங்கிய மேனிக்கு சீல் இருந்தால் பிராக்டிகல் நடக்கவில்லை. போன வருட ரெக்கார்டு நோட்டு இரண்டை எடுத்துப் புரட்டுங்கள். பருமனறி பகுப்பாய்வில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவீடு எழுதியிருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. ஒவ்வொருவருக்கும் 0.1, 0.2 மில்லி வித்தியாசம் இருந்தால் அந்த ஆய்வகத்தில் பிள்ளைகள் கையால் செய்திருக்கிறார்கள். செய்முறைக்கு 20 மதிப்பெண் எப்படியும் போட்டுவிடுவார்கள். போட்டதா, எடுத்ததா என்பது அந்த நோட்டில் தெரியும்.

பிறகு ஸ்டாஃப் ரூமில் யாராவது ஓர் ஆசிரியரிடம் அவருடைய டைம் டேபிளைக் காட்டச் சொல்லுங்கள். கரெஸ்பாண்டென்ட் சொல்வதை விட அந்தத் தாள் சரியாகச் சொல்லும்.

எஸ்எம்சி ஆங்கிலம்

இதையும் கேளுங்கள் அக்கா: வேன் டூட்டி உண்டா? ஏப்ரல், மே மாதம் வீடு வீடாக அட்மிஷன் கேன்வாசிங் போகச் சொல்வார்களா? வருடத்துக்கு இத்தனை பிள்ளை சேர்த்துவிட வேண்டும் என்று கணக்கு உண்டா? என் பழைய பள்ளியில் இருந்தது. வெயிலில் ஊர் ஊராக நோட்டீஸ் கொடுத்தோம்.

குளித்தலை விலங்கியல்

எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கச் சொன்னால் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) விஷயத்தையும் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு, ஒன்று முதல் எட்டு வரை எடுப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று ஆகிவிட்டது. பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் என்றால் அந்தக் கவலை இல்லை. எப்படியும் இரண்டாம் தாள் எழுதி வைப்பது நல்லது அக்கா. தேறிவிட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்கும் வழி திறக்கும்.

தொட்டியம் வேதியியல்

நேரில் போய் வந்தேன். ஐயா சொன்னபடியே எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஆய்வகக் குழாயில் தண்ணீர் வருகிறது. பியூரெட் பத்தில் மூன்று முனை உடைந்து கிடக்கிறது. அதாவது பிள்ளைகள் கை பட்டிருக்கிறது. ரெக்கார்டு நோட்டு புரட்டினேன். ஒரு பிள்ளை 19.8, அடுத்த பிள்ளை 20.1, ஒரு நோட்டில் 23 எழுதி, "மறுபடி செய்" என்று சிவப்பு மையில் இருந்தது. அந்தக் கையெழுத்துக்கு உரியவர் இப்போது வேலையை விட்டுப் போகிற வேதியியல் மேடம். கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆகியிருக்கிறதாம். அவரோடு கால் மணி நேரம் பேசினேன். வாரம் 40-ல் 31 பாடவேளை, சனிக்கிழமை அரை நாள், வேன் டூட்டி வாரம் இரண்டு நாள். "கேன்வாசிங் உண்டு, ஆனால் உள்ளூரிலேயே, மூன்று நாள். சம்பளம் பத்தாம் தேதிக்குள் வரும், ஒரு தடவையும் நின்றதில்லை" என்றார்.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கேட்டேன். அங்கே இருந்தவர் பதவி உயர்வில் தலைமையாசிரியராகப் போயிருக்கிறார். கலந்தாய்வில் காட்டப்படும் இடம்தான், சாலை ஓரத்துப் பள்ளி வேறு, கண்டிப்பாக யாராவது எடுப்பார்கள் என்றார். "உன்னை ஆசை காட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லைம்மா" என்று அவரே சொல்லிவிட்டார்.

நாமக்கல்லுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கணவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, கடனை நாம் மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம் என்றார்.

முசிறியில் இன்னும் சரி சொல்லவில்லை. 31 பாடவேளை, வேன் டூட்டி இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது?

மணப்பாறை கணக்கு

இப்போது பேரம் பேச வேண்டிய இடத்தில் நிற்கிறீர்கள். பிளஸ் டூ வேதியியலுக்கு ஆள் கிடைக்காமல் மே மாதம் தவிப்பது நிர்வாகம்தான். சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்பதை விட நேரத்தைக் கேளுங்கள். வேன் டூட்டி வேண்டாம், பாடவேளை 28-க்கு மேல் வேண்டாம், ஒன்பது பத்தாம் வகுப்பு வேண்டாம். மூன்றையும் கேட்டால் இரண்டு கிடைக்கும்.

ஒரிஜினல் சான்றிதழை மட்டும் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். டிஆர்பி சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது பள்ளி அலமாரியில் அது பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாமக்கல் இயற்பியல்

நல்ல முடிவு சகோதரி. நான் வேறு மாதிரி சொன்னேன் என்றாலும் நீங்கள் பார்த்துவிட்டு வந்து எழுதியதைப் படித்தபோது எனக்கே முசிறிதான் சரி என்று படுகிறது. எங்கள் பள்ளியில் வேதியியல் சாரிடம் வெப்ப இயக்கவியல், வேகவியல், மின்வேதியியல் மூன்றுக்கும் கணக்குத் தொகுப்பு இருக்கிறது. அவர் சொந்தமாகத் தயாரித்தது. அவரிடம் கேட்டு அனுப்புகிறேன்.

தொட்டியம் வேதியியல்

இன்று போய்ப் பேசினேன். கணவரும் கூட வந்தார். வேன் டூட்டி கிடையாது என்பதற்கு ஒத்துக்கொண்டார்கள். பாடவேளை 29, பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் மட்டும். சம்பளம் 19,000. மே மாதம் பாதிதான், அதில் இறங்கி வரவில்லை. சான்றிதழ் விஷயத்தில் கொஞ்ச நேரம் பேச்சு நீண்டது. "எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள் மேடம்" என்றார். டிஆர்பிக்கு எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் சார், நகல் எல்லாம் தருகிறேன், ஒரிஜினல் தர முடியாது என்று சொன்னேன். கடைசியில் நகலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நியமன ஆணையில் 29 பாடவேளை என்று எழுதவில்லை. டைம் டேபிள் தாளில் முதல்வர் கையெழுத்தோடு கொடுத்தார்கள், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஜூனில் சேருகிறேன். பாப்பாவுக்கும் எல்.கே.ஜி. அட்மிஷன் போட்டாகிவிட்டது.

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாமக்கல் சார், அந்தக் கணக்குத் தொகுப்பு கிடைத்தால் மிகவும் உதவியாக இருக்கும். டிஆர்பியில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளுக்கு 50-ல் 20 போதும் என்பதால் அதை விட்டுவிட்டு வேதியியலிலேயே இறங்கலாமா, இல்லை அதற்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க வேண்டுமா?

அரசு உதவி தமிழ்

ஒதுக்குங்கள்மா. அதில் 20 வராவிட்டால் வேதியியல் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போதும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இலக்கணப் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.